வேலி தாண்டாத பாட்டு

லிபோடே,
ஆகஸ்ட் மாதம்.

அன்புள்ள வுயோகாசிக்கு,

உன் தம்பி மனைவி நொலூவோ எழுதுவது. அபுதாபியில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால், உன் அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, நான் கறுப்பில் இருக்கிறேன். கன்று கிடாரி. உன் அம்மா அதற்கு உன் பெயரை வைக்கலாமா என்று யோசிக்கிறார். இராத்திரி முழுக்கக் கத்துகிறதாம், அதனால்தான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நம் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று காற்றோடு சண்டை போட்டுக் கத்த வேண்டும். நான் கத்தக் கூடாது. புருஷன் செத்தவள் மேட்டில் நின்று கத்தினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஆகவே எழுதுகிறேன். வீட்டில் எல்லார் முன்னாலும் உன்னை அண்ணி என்றுதான் சொல்கிறேன். காகிதத்தில் மட்டும் நீ கல்லூரி விடுதியில் என் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு தூங்கிய பழைய வுயோகாசி. பொறுத்துக்கொள்.

என் நாட்கள் நீ நினைப்பதுபோலத்தான் போகின்றன. தலைத்துணி, தோளில் போர்த்துகிற போர்வை, செருப்புவரை கறுப்பு. யாருக்கும் கை கொடுப்பதில்லை. பொழுது சாயுமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதவோரம்தான் என் இடம். வேனில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. ஒருவகையில் வசதிதான், பையை வைத்துக்கொள்ளலாம். அவர் போய் ஒரு வருஷம் நிறைகிற மார்ச் வரை இப்படி. உன் அம்மா கெடுபிடி செய்வதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நேற்று எனக்கு ஒரு கிண்ணம் தயிர் கூடுதலாக ஊற்றிவிட்டு, ஊற்றியதே தெரியாதவர்போல வெளியே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டுக் குழுவும் என்னிடமே வந்திருக்கிறது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிர் மேட்டுத் துமிசாவை நினைவிருக்கிறதா? ஆட்டுப் பட்டியை வீட்டைவிடப் பெரிதாகக் கட்டி வைத்திருப்பாரே, அவர்தான். அவருடைய மூத்த பெண் பபால்வாவுக்கு டிசம்பரில் கல்யாணம். பெண் வீட்டை விட்டு வெளியே வரும்போது பள்ளிப் பிள்ளைகள் நம் பாட்டைப் பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய சின்னப் பெண் யோலிஸ்வாதான் இப்போது எங்கள் குழுவில் எடுத்துக் கொடுப்பவள். பதினோரு வயது, வாயாடி, குரல் மணி மாதிரி.

எந்தப் பாட்டு என்று நீ கேட்க மாட்டாய். “கதவைத் திற மாமியாரே, உன் பானையைக் கவிழ்க்க ஒருத்தியைக் கூட்டி வந்திருக்கிறோம்” என்கிற அந்தப் பாட்டுதான். ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் பிள்ளைகள் பாட அதை மூன்று குரலாகப் பிரித்தது நாம் மூவர்தான். நீ எடுத்துக் கொடுக்க, நான் நடுவில் வாங்க, உன் தம்பி அடியில் நின்று தாங்க. அவர் இல்லை. நீ அங்கே. மிச்சம் இருப்பது நான் ஒருத்தி, அதுவும் வாயை மூடிக்கொண்டு.

நான் பாடிச் சொல்லிக்கொடுக்கலாமா என்று உன் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். கேட்டது நான் இல்லை, என் சார்பில் உன் அம்மா கேட்டார். நான் கதவோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா புகைக்குழாயைத் தட்டிவிட்டு, “பள்ளிக்கூடத்து வேலைன்னா வேலைதான், அத நான் தடுக்கல. ஆனா அவ தொண்ட வேலியத் தாண்டி வெளிய கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா எம் மகன் ஆத்மா திரும்பிப் பாக்கும்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “கஷ்டந்தாம்மா” என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டால் சௌகரியமாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. யாரோ கொடுத்த மின்சாரப் பியானோ ஒன்று அவர் அறையில் தூசி தின்றுகொண்டிருந்தது. அதில் மெட்டை வாசித்துக் காட்டுங்களேன் என்றார். வாசித்தேன். நம் பாட்டில் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகும் அல்லவா, அது அந்தக் கட்டைகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போய்விட்டது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு யோலிஸ்வா, “மிஸ், இதுக்குத் தொண்டையே இல்லையே, இது எப்படி மிஸ் பாட்டுச் சொல்லிக் குடுக்கும்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் போர்வையால் மூடிக்கொண்டேன்.

எனவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அந்தப் பாட்டை முழுசாகப் பாடி, தலைமையாசிரியர் போனுக்கு அனுப்பு. அவர் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உரக்கப் பாடு. அங்கே உனக்கு வேலியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

சாவுக்கு வந்த மூன்று நாளும் நீ பாத்திரமே கழுவிக்கொண்டிருந்தாய். உன்னோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம் நீண்டுவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
நொலூவோ


லிபோடே,
அக்டோபர்.

அன்புள்ள வுயோகாசி,

உன் பாட்டு வந்து சேர்ந்தது. மழையும் வந்து சேர்ந்தது. சோளம் விதைத்தாயிற்று. உன் அம்மா உன் பாட்டைக் கேட்க வேண்டும் என்று முழங்கால் வலியோடு பள்ளிக்கூடம்வரை நடந்து வந்தார். போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இளைச்சுப் போயிட்டா” என்றார். குரலைக் கேட்டு உடம்பை எடை போட அம்மாக்களால்தான் முடியும்.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒன்று மறந்துபோனேன். அதைச் சொன்னால் சிரிப்பாய். காதில் விழுந்ததை அப்படியே வாங்குகிறவர்கள் அவர்கள். நீ மூன்றாவது அடி பாடிக்கொண்டிருக்கும்போது உன் வீட்டு அழைப்பு மணி அடித்ததே, நீ “இரு, யாரோ வந்துட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாயே, அடுத்த நாள் காலையில் மொத்தக் குழுவும் மூன்று குரலில் “இரு, யாரோ வந்துட்டாங்க” என்று பாடியது. பையன்கள் அடிக்குரலில் அழைப்பு மணி அடித்தார்கள். அது பாட்டில் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க எனக்குப் பாதி நாள் ஆயிற்று. “அப்ப அவங்க ஏன் மிஸ் பாடினாங்க?” என்று லுகான்யோ கேட்கிறான். வழக்காடு மன்றத்துக்கு அனுப்ப வேண்டிய பிள்ளை.

அதை எடுத்தாயிற்று. இன்னொன்றும் இருந்தது. இரண்டாவது அடி முடிகிற இடத்தில், உன் தம்பி அடிக்குரலில் வந்து சேருகிற அந்த இடத்தில், நீ நின்றாய். சேருவதற்கு இடம் விட்டு நின்றாய். யாரும் சேரவில்லை. பிறகு உன் தொண்டையில் ஏதோ ஒன்று தடுக்கியது. பிள்ளைகள் அதையும் வாங்கிவிட்டார்கள். முப்பது தொண்டைகள் ஒரே சமயத்தில் அதேபோலத் தடுக்கின. அது இருமல் என்று சொன்னேன். யோலிஸ்வா, “நல்லாத்தான மிஸ் இருக்கு, வச்சுக்கலாமா?” என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீ அதைப் பற்றி எதுவும் விளக்கி எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டேன். சின்னஞ்சிறு பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரலை வைத்துக்கொண்டு மூன்று குரலையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. நானே பாடிக் காட்டுகிறேன். பயப்படாதே, பெரியப்பா சொன்ன எல்லைக்குள்தான். சன்னலை எல்லாம் சாத்திவிட்டு, உதடு அசைவது தெரிகிற அளவுக்கு மட்டும் பாடுகிறேன். கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள் கோழியைச் சுற்றிக் குஞ்சுகள்போல என்னை ஒட்டி உட்கார வேண்டியிருக்கிறது. கறுப்பில் இருப்பவளை ஒட்டி உட்காரலாமா என்று சில வீடுகளில் முணுமுணுப்பு. பிள்ளைகள் அதையெல்லாம் கேட்பதாக இல்லை. ஒருத்தி என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் பாடவே ஆரம்பிக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று இந்த ஊர் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தது. இப்போது முப்பது பேர் மடியில் ஏறி உட்காராத குறையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வுயோகாசி, எவ்வளவு நன்றாக வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா! நான் ஒரு தடவை பாடினால் போதும். சறுக்கல், இழுப்பு, மூச்சு வாங்குகிற இடம், எதுவும் பிசகுவதில்லை. யோலிஸ்வா எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவதில்லை, பதவிசாக வந்து சேர்கிறார்கள். முன்பெல்லாம் பாட்டு வகுப்பு என்றால் சந்தைக்கடைதான். ஒருவன் இன்னொருவன் காலை மிதிப்பான், அவன் இவனை இடிப்பான், உன் தம்பி நடுவில் நின்று எல்லாரையும்விட அதிகமாகக் கூத்தடிப்பார். இப்போது அப்படி இல்லை. கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, “பட்டாளம் மாதிரில்ல நிக்குதுங்க! என்ன மருந்து குடுத்தீங்க?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு விஷயத்துக்காகப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

எங்கேயோ ஏதோ ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. சுருதியா என்று பார்த்தேன், சரியாக இருக்கிறது. கால் தட்டுவதா என்று பார்த்தேன், அதுவும் சரி. என் மனசுதான் சரியில்லை என்று விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு நான் போக முடியாது. ஆகவே அந்த வகுப்பறையில் கேட்பதுதான் நான் கேட்கப்போவது.

அங்கே வெயில் எப்படி? டிசம்பரில் உனக்கு விடுமுறை கிடைக்கும் என்று போன வருஷம் சொன்னாய். இந்த வருஷம் அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னார். நான் கேட்டுவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். அழைப்பு மணிக்காரரை விசாரித்ததாக எழுதச் சொன்னான் லுகான்யோ.

உன் நலத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
நொலூவோ


லிபோடே,
டிசம்பர்.

அன்புள்ள வுயோகாசி,

இந்தக் கடிதத்தில் கன்றுக்குட்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டும் நன்றாக இருக்கின்றன.

சனிக்கிழமை பபால்வாவின் கல்யாணம். ஊரே எதிர் மேட்டில் இருந்தது. உன் அம்மாவும் போயிருந்தார். நான் நம் வீட்டுக்குப் பின்னால் மாட்டுப் பட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டித் துமிசா வீட்டுக் கூடாரம் தெரியும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லாம் கேட்கும். அன்று இந்தப் பக்கம்தான் அடித்தது. பெண்களின் குலவை கேட்டது, ஆண்கள் தரையில் தடி தட்டுவது கேட்டது. பெண்ணை வெளியே அழைக்கிறார்கள் என்று புரிந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

யோலிஸ்வா எடுத்தாள். சரியான சுருதியில்தான் எடுத்தாள். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் எனக்குக் கேட்டது, வுயோகாசி. வகுப்பறையில் இத்தனை வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்காதது, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. அவர்கள் நான் பாடுவதுபோலப் பாடினார்கள். “கதவைத் திற மாமியாரே” என்று சண்டைக்கு நிற்கிற மாதிரி வர வேண்டிய அடி, பிணம் கிடக்கிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது. வாயைப் பாதி திறந்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைப்பதுபோல மெதுவாக. தலையும் குனிந்துதான் இருந்ததாம், முப்பது பேருக்கும். நான் பார்க்கவில்லை, உன் அம்மா பார்த்தார்.

இரண்டாவது அடியிலேயே குலவை நின்றுவிட்டது. தடி தட்டுவதும் நின்றுவிட்டது. பிள்ளைகள் மட்டும் கடைசிவரை பாடினார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு நிற்க, அவர்கள் ஒரு மூச்சுகூடப் பிசகாமல் பாடி முடித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, “என்னடி இது, பொண்ணக் கூட்டிட்டுப் போறமா, தூக்கிட்டுப் போறமா?” என்று உரக்கவே கேட்டாளாம். பபால்வா அழுதுவிட்டாள். எல்லாப் பெண்களும் அழுகிற அழுகை அல்ல. பயந்துபோய் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். மாப்பிள்ளை வீட்டார் கூடிக் கூடிப் பேசிவிட்டு ஒரு ஆட்டை அறுத்து, வாசலைக் கழுவி, அப்புறம்தான் பெண்ணை அழைத்துப் போனார்கள். உன் அம்மா வந்து இதையெல்லாம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “பாட்டு என்னவோ அழகாத்தான் இருந்துச்சு. எம் மகனுக்கே பாடின மாதிரி இருந்துச்சு” என்றார். சமையலறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை துமிசா வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார். தொப்பி கையில் இருந்தது. உன் அம்மாவுக்குக் கல்யாண இறைச்சி கொண்டுவந்திருந்தார். மனுஷர் திட்டியிருந்தால் தேவலை. “டீச்சரம்மா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்க துக்கம் எனக்குத் தெரியும், உங்க வீட்டுக்காரரு மங்கலிசோ எனக்கும் தம்பி மாதிரி. ஆனா போன எடத்துல எம் பொண்ணுக்கு ஒரு தலைவலின்னாகூட இந்தப் பாட்டத்தான் சொல்லுவாங்க. சின்னவள நான் இனிமே அனுப்ப முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தேன். வேறு என்ன செய்ய? நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்து, ஐயா, அது என் பிசகு, பிள்ளைகள் மேல் ஒரு தோஷமும் இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. நாலு பேர் கேட்கப் பேசக் கூடாது.

செவ்வாய்க்கிழமை பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களிடம் தலையை நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்தினார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், திரும்பக் குனிந்துகொண்டார்கள். வாயைப் பெரிதாகத் திறங்கள் என்றேன். பெரிதாகத் திறந்து மெதுவாகப் பாடினார்கள். இது கல்யாணப் பாட்டு, சந்தோஷமாகப் பாட வேண்டும் என்று சொன்னேன். லுகான்யோ எழுந்து, “அப்படின்னா எப்படி மிஸ்? ஒருதடவ பாடிக் காட்டுங்க” என்றான். வம்புக்குக் கேட்கவில்லை, வுயோகாசி, கற்றுக்கொள்ளத்தான் கேட்டான். நான் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டேன். வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆற்றுப்பக்கம் போனேன். அங்கே வேலி கிடையாது, கேட்க ஆளும் கிடையாது, பொழுது சாயவும் நேரம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை, ஒரே தடவை, பழையபடி பாடிப் பார்த்துவிட்டால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு எதையாவது காட்டலாம் என்று நினைத்தேன். பெரியப்பாவின் தடையை மீறுவது பாவமென்றால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று துணிந்துதான் போனேன். வாயைத் திறந்தேன். வேலிக்குள் பாடுகிற அதே குரல்தான் வந்தது. இன்னொரு தடவை, இன்னும் பலமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். அதே குரல். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை நாளும் என்னைக் கட்டி வைத்திருப்பது பெரியப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் இந்தக் கறுப்பை எல்லாம் அவிழ்த்து எரிப்பார்கள், எனக்குப் புதுத்துணி போடுவார்கள், எல்லாரும் பாடுவார்கள். அன்று என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

நேற்று யோலிஸ்வா வந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல்தான் வந்திருக்க வேண்டும், ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. “மிஸ், நீங்க பாடின மாதிரியேதான மிஸ் பாடினோம்? எங்கயுமே தப்பலையே? அப்புறம் ஏன் மிஸ் எல்லாரும் எங்கள அப்படிப் பாத்தாங்க?” என்று கேட்டாள். அந்த வாயாடி இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கேயும் தப்பவில்லை என்று சொன்னேன். அது உண்மை. அவள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தலைமையாசிரியரிடம் பாட்டுக் குழுவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். யாருக்குக் கொடுப்பது என்று அவர் கேட்டார். மற்ற ஆசிரியர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குத் தேவாலயக் கீர்த்தனைதான் தெரியும். ஊர்ப் பெண்கள் யாரும் இப்போது அந்தப் பாட்டைப் பிள்ளைகள் பக்கம் கொண்டுபோகத் துணிய மாட்டார்கள். நான் விலகிக்கொண்டால் அந்தக் குரல் அப்படியே அவர்கள் தொண்டையில் தங்கிவிடும். விலகாவிட்டால் இன்னும் ஆழமாகத் தங்கும். எனக்கு வழி தெரியவில்லை. கல்லூரியில் நம்மிருவரில் எப்போதும் வழி கண்டுபிடிப்பவள் நான்தான் என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியவில்லை, வுயோகாசி.

நீ வா. விடுமுறை இல்லை என்று எழுதாதே. உனக்கு விடுமுறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். நீ ஏன் வரவில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். உன் தம்பி இல்லாத வீட்டுக்குள் நுழைய உனக்குக் கால் வரவில்லை. எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே போகக் கால் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

வந்தால் பெரியப்பாவிடம் பேசு என்று கேட்கப் போவதில்லை. பிறந்த வீட்டுப் பெண் பேசினால் அவர் கேட்பார், மூன்று மாதம் குறைத்தும் கொடுப்பார். ஆனால் எனக்கு அது பிரயோசனப்படாது. பிள்ளைகளுக்கு முன்னால் போய் நில். நீ கறுப்பில் இல்லை, உன் முகத்தை அவர்கள் பார்க்கலாம். துமிசாவிடம் நீயே போய்ப் பேசு, உன்னிடம் அவர் வேலிக்கு வெளியே நின்று பேச மாட்டார். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

பாட வராவிட்டால், உனக்கும் அந்த இரண்டாவது அடியில் தடுக்கினால், பாட வேண்டாம். வாசலுக்கு வந்து நின்று சத்தம் போட்டு அழு. சாவுக்கு வந்தபோது நீ அழவில்லை. இந்த வீட்டில் யாருமே சத்தம் போட்டு அழவில்லை. அந்தச் சத்தம் வேலியைத் தாண்டட்டும், பள்ளத்தாக்கைத் தாண்டட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். தொண்டையை முழுசாகத் திறப்பது எப்படி என்று அவர்களுக்கு யாராவது ஒருவர் காட்டியாக வேண்டும். எனக்கும்தான்.

கர்த்தர் உன் வழியைக் காக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
நொலூவோ